ஒன்றேகால் கிராம் ராசி

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் அண்ணையின் கடைக்கு ஆட்கள் வருவது குறைந்துவிடும். அந்த நேரத்தில்தான் நாங்கள் பாக்கெட் பிரிப்போம்.

அன்றைக்கு வெளியே தூறிக்கொண்டிருந்தது. குளிர்பெட்டி ஒரே சுருதியில் இரைந்தது. கல்லாவுக்குப் பின்னால் அண்ணை நின்றார். பால்மா டின்கள் வந்த பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் அம்மா உட்கார்ந்திருந்தார். அண்ணி கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றார். கல்லா மேசையில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் வரிசையாக, பளபளவென்று சிறிய பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் பத்து பேஸ்பால் அட்டைகள்.

"எடு பாப்பம், நிரோ," என்றார் அண்ணை.

நான் பெட்டிக்குள் கையை விட்டேன். விரல்களை அங்குமிங்கும் அலையவிட்டேன். ஒரு நொடி கண்ணைக்கூட மூடினேன். பிறகு வலதுபக்கக் கடைசி மூலையிலிருந்து ஒன்றை எடுத்துப் பல் வெட்டிய ஓரத்தைப் பிடித்துக் கிழித்தேன். சர்ரென்ற அந்தச் சத்தமும் உடனே எழும் மையும் மெழுகும் கலந்த வாசமும் எனக்கு இப்போதும் பிடிக்கும். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஆறு அட்டைகள் சாதாரணம். ஏழாவது தடிப்பு. அதன் நடுவில் நகத்தளவு ஒரு சாளரம். சாளரத்துக்குள் நீலக்கோடு போட்ட சாம்பல் துணி.

"துணி அட்டை!" என்று அண்ணை மேசையில் தட்டினார்.

அம்மா எழுந்து வந்து என் வலது கையைப் பிடித்துத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். "என்ர பிள்ளையின்ர கை ராசியான கை."

அண்ணி கை தட்டினார். அவருக்கு முன்னால் அவர் பிரித்த பாக்கெட் கிடந்தது. பத்தும் சாதாரண அட்டைகள். ஆனாலும் முகம் நிறையச் சிரித்துக்கொண்டு தட்டினார்.

நான் எடுத்த பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறதென்று கையை விடுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். மற்றவற்றைவிட அது ஒன்றேகால் கிராம் பாரம் கூட. முதல்நாள் நானே நிறுத்துப் பார்த்து அந்த மூலையில் வைத்திருந்தேன்.

போன வாரம் இங்கே என் ஆய்வுகூட வேலையைப் பற்றி எழுதியபோது, அளவுகளில் நான் பொய் சொன்னதில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஆய்வுகூடத்தில் சொன்னதில்லை. கடையில் சொன்னேன்.

மட்டையைத் தோளில் வைத்தவன்

அண்ணையின் கடையில் அரிசி, மரவள்ளிக்கிழங்கு, பால், பத்திரிகை, சிகரெட் எல்லாம் விற்பார்கள். அதற்குள் பேஸ்பால் எப்படி வந்தது என்றால், அது அண்ணை விட்ட பிழை.

மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் கழித்துவிட்ட சாமான்களுக்கென்று ஒரு தட்டு உண்டு. அதில் மூன்று பெரிய கார்ட்டன்கள் கிடந்தனவாம். மேலே மட்டையோடு ஒரு மனிதனின் படம். அண்ணை மூன்றையும் தன் வான் வண்டியில் ஏற்றிவிட்டார்.

"கிரிக்கெட் அட்டை. எங்கட சனம் அள்ளிக்கொண்டு போகும், இருந்து பாருங்கோ."

முதல் பாக்கெட்டைப் பிரித்தபோதுதான் சந்தேகம் வந்தது.

"இவன் என்னத்துக்கு மட்டையைத் தோளில தூக்கி வச்சிருக்கிறான்?"

அம்மா படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "களைச்சுப் போனான் போல."

எங்கள் சனம் அள்ளவில்லை. ஒருவர் மட்டும் வாங்கினார். பெயர் லூயிஸ். டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவர், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வேலை. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து, ஒரே ஒரு பாக்கெட் வாங்கிக் கல்லாவிலேயே பிரிப்பார். பிரிக்குமுன் பாக்கெட்டை மூக்கில் வைத்து இழுப்பார். துணி அட்டை என்றால் என்னவென்று எங்களுக்கு விளங்கப்படுத்தியவரும் அவர்தான். அந்த வீரர் ஆட்டத்தில் போட்டிருந்த சட்டையில் வெட்டியெடுத்த துண்டாம் அது.

"ஆரோ ஒருத்தன்ர வேர்வைச் சட்டையோ? சீ!" என்றார் அம்மா. அடுத்த நிமிடமே, "எங்க, ஒருக்கா இஞ்ச தாங்கோ பாப்பம்," என்று கையை நீட்டினார்.

விற்காததால்தான் ஞாயிறு மத்தியானம் ஆளுக்கொன்று பிரிக்கும் பழக்கம் தொடங்கியது. ஒருவருக்கும் ஆட்டம் தெரியாது, வீரர்களைத் தெரியாது. அதனால் தடித்த அட்டை வருகிறதா இல்லையா என்பது மட்டுமே எங்களுக்கு ஆட்டமாகிவிட்டது. ஆட்டம் தெரிந்திருந்தால் இத்தனை தூரம் போயிருக்காதோ என்று நினைப்பதுண்டு.

யார் பிரிப்பது

எங்கள் வீட்டில் மூடியிருக்கும் எதையும் யார் பிரிக்கிறார் என்பது பெரிய விஷயம்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் அகதி வழக்குப் பற்றிய கடிதங்கள் மண்ணிறக் கவரில் வரும். அம்மா அவற்றைத் தன் கையால் பிரிக்கமாட்டார். கீழ்மாடியில் இருந்த ஒரு மாமிக்குக் கைராசி என்று பெயர். அவர் வேலை முடிந்து வரும்வரை கவர் முருகன் படத்தடியில் கிடக்கும். ஒருமுறை மாமி உறவினரைப் பார்க்க ஜெர்மனி போயிருந்தார். கவர் நான்கு நாள் கிடந்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். பெட்ரோல் நிலையத்து வேலையால் வந்து கவரைப் பார்ப்பார், அம்மாவைப் பார்ப்பார், சாப்பிடப் போவார்.

நான் காத்திருக்கமாட்டேன். அம்மா குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கவரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்ப்பேன். மெல்லிசு என்றால் இன்னும் காத்திருக்கச் சொல்கிறார்கள். தடிப்பு என்றால் ஏதோ படிவம் நிரப்பவேண்டும். எனக்குத் தெரிந்ததை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மாமி வந்து பிரிக்கும்போது மற்றவர்களோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இதைக் குற்றத்துக்குச் சாக்காக எழுதவில்லை. பழக்கம் எவ்வளவு பழையது என்று காட்டத்தான்.

மருமகள் வந்த ராசி

அண்ணியின் பெயர் வதனி. ஒன்பது வயதிலிருந்து பாரிஸில் வளர்ந்தவர். கலியாணம் முடித்து லண்டனுக்கு அவர் வந்த கிழமையில்தான் அண்ணையின் கடைக் குத்தகைக்கு ஓம் என்று சம்மதக் கடிதம் வந்தது.

"மருமகள் வந்த ராசி," என்றார் அம்மா. தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னார். அந்த வருசம் சித்திரைப் பிறப்புக்குக் கைவியளத்தைக்கூட அண்ணியின் கையால்தான் வாங்கினார். எங்கள் ஆட்களிடம் புதுவருசத்தன்று ராசியான கையிலிருந்து ஒரு நாணயமாவது வாங்கினால் அந்த வருசம் நிறையும் என்று நம்பிக்கை. அதுவரை அம்மா பெற்ற பிள்ளைகளிடம்கூடக் கைவியளம் வாங்கியதில்லை.

அண்ணி ராசியை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களின் பெயர், அவர்கள் வீட்டில் யாருக்குச் சுகமில்லை, யாருக்கு எந்த நாள் அரசாங்கத்தின் பெனிபிட் காசு வரும் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். ஃபாரஸ்ட் கேட் கடை நின்று பிடித்தது அவரால்தான்.

நான் செய்தவை: வீட்டு பொய்லரைத் திருத்தியது, கடையின் கமராக்களைச் சுவரில் பூட்டியது, கல்லா மெஷினைச் சரிசெய்தது, கவுன்சில் படிவங்களை நிரப்பியது. எல்லாம் சரியாக நடந்தன. சரியாக நடப்பதை யாரும் ராசி என்று சொல்வதில்லை.

பாக்கெட்டுகளை ஏன் தராசில் நிறுத்து வைத்தேன் என்று பின்னால் ஒருநாள் மூன்று காரணங்கள் எழுதினேன். ஒன்று, ஆர்வம். இரண்டு, விளையாட்டு. மூன்று, அம்மா ஒருதரமாவது அண்ணியைப் பார்த்த கண்ணால் என்னைப் பார்க்கவேண்டும். மூன்றாவதுதான் உண்மை.

சனிக்கிழமை இருபது நிமிடம்

நான் தராசுகளைச் சரிபார்க்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். மருந்துக்கடைத் தராசு, நகைக்கடைத் தராசு எல்லாம் எங்களிடம் வரும். என்னிடம் சொந்தமாக உள்ளங்கையளவில் ஒரு தராசு இருக்கிறது. கிராமில் நூறில் ஒன்றைக் காட்டும்.

சனி காலைகளில் அண்ணைக்கு உதவியாகக் கடைக்குப் போவேன். ஒருநாள் பின் அறையில் சும்மா ஒரு பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பிறகு இன்னொன்று. பத்தாவது பாக்கெட்டில் எண் மாறியது.

அதில் இன்னொரு தந்திரமும் இருந்தது. கையால் தடவிப் பார்த்து எடுப்பவர்களை ஏமாற்றக் கம்பெனிக்காரர்கள் சில பாக்கெட்டுகளில் வெறும் தடித்த அட்டையொன்றை வைத்திருந்தார்கள். அது தடிப்பு, ஆனால் பாரமில்லை. விரல் ஏமாறும், தராசு ஏமாறாது. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோசம் கொஞ்சமல்ல.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் பின் அறைக் கமராவை இருபது நிமிடம் நிறுத்துவேன். ஒவ்வொரு பாக்கெட்டையும் மூன்று தரம் நிறுப்பேன். பாரமானவை வலது கடைசி மூலைக்கு. மிச்சம் முன்னால்.

முன்னால் என்பதை நான் யோசித்துத்தான் செய்தேன். அண்ணையும் அம்மாவும் கைக்கு வந்த இடத்தில் எடுப்பார்கள், இடைக்கிடை அவர்களுக்கும் ஒன்று வரும். அண்ணி எப்போதும் முன்னால் நிற்கும் பாக்கெட்டைத்தான் எடுப்பார். "முன்னுக்கு நிக்கிறது எனக்கெண்டு வந்து நிக்குது. பாவம், அதை ஏன் தள்ளவேணும்," என்பார்.

என் மடிக்கணினியில் இதற்கென்று ஒரு அட்டவணை இருந்தது. திகதி, பாரம், என் கணிப்பு, விளைவு. ஐந்தாவது நிரலுக்கு அண்ணியின் பெயர். அதன் கீழே ஞாயிறுக்கு ஞாயிறு பூச்சியம் போட்டேன். பதினான்கு பூச்சியங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றபோதும் அவற்றைப் பார்த்துக் கணிப்பு சரி என்று மட்டுமே நினைத்தேன்.

முதலில் பகிடியாகத்தான் தொடங்கியது.

"வதனி, நீர் தொட்டால் பேஸ்போல்காரன் மட்டையைப் போட்டிட்டு ஓடிடுவான்," என்றார் அண்ணை. எல்லாரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தார். "ஓடட்டும், தோளாவது நோகாமல் இருக்கும்."

பிறகு ஒருநாள் காலை அண்ணி ஷட்டர் திறந்த அன்று உறைபெட்டி பழுதாகி மீன் முழுவதும் போனது.  அடுத்தநாள் அம்மா அண்ணையிடம், "தம்பி, நீயே ஷட்டரைத் திற. அவளுக்கு ஏன் பாரம்," என்றார். அடுத்த சித்திரைக்கு அண்ணி வெற்றிலையில் நாணயத்தை வைத்து நீட்டியபோது, அம்மா, "பொறும் பிள்ளை, முதல் நிரோவிட்ட வாங்கிறன்," என்றார்.

நான் கொடுத்தேன். அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றினார். அண்ணி தன் வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அது வாட்டமில்லாத, நல்ல பச்சை வெற்றிலை.

லூயிஸுக்கும் பல மாதமாக ஒன்றும் வரவில்லை. ஒரு வெள்ளி அவர் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அண்ணியிடம் மெதுவாகச் சொன்னாராம்: இந்தப் பெட்டியில் யாரோ கை வைக்கிறார்கள், நிறுத்துப் பார்த்து நல்லதை எடுத்துக்கொண்டு போகிறார்கள், அமெரிக்காவில் இதைச் செய்பவர்களை எனக்குத் தெரியும்.

அண்ணை கொதித்தார். "ஆரோ கள்ளன் கடைக்குள்ள வந்து நிறுக்கிறான்! வதனி, கமராவைப் பாரும். ஆளைப் பிடிப்பம்."

அம்மா வேறு மாதிரி யோசித்தார். "கள்ளன் எடுத்த மிச்சத்திலயும் என்ர பிள்ளைக்குக் கிடைக்குது, பாத்தியே?"

அண்ணி இரண்டு மத்தியானம் இருந்து கமராப் பதிவுகளைப் பார்த்தார். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு போய் வைத்தேன். 

"ஒண்டும் தெரியேல்லை," என்றார் அண்ணையிடம். தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஹவுன்ஸ்லோவில் பால் பொங்கிய காலை

அண்ணை இரண்டாவது கடையை ஹவுன்ஸ்லோவில் எடுத்தார். இடத்தைக் கண்டுபிடித்தது அண்ணி. விமான நிலைய ஷிப்ட் ஆட்கள் காலை ஐந்து மணிக்கே சாப்பாடு தேடுவார்கள் என்று கணக்குப் போட்டதும் அவர். பாரிஸிலிருந்து போட்டுக்கொண்டு வந்த காப்புகளை முன்பணத்துக்குக் கழற்றிக் கொடுத்ததும் அவர்.

திறப்புக்கு முதல்நாள் ஃபாரஸ்ட் கேட் கடையில் அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "வதனி, நாளைக்கு நீர் ஒரு அரை மணித்தியாலம் பிந்தி வாருமன். அம்மா ஒரு மாதிரி யோசிக்கிறா. முதல் வியாபாரம் நிரோ செய்யட்டாம்."

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நீண்ட நேரம்.

என் கையில் ஹவுன்ஸ்லோக் கடையின் அலாரம் பற்றிய கையேடு இருந்தது. நான் ஒரு பக்கத்தைத் திருப்பினேன்.

"ஓம். பிந்தி வாறன்," என்றார் அண்ணி.

காலையில் அண்ணை, அம்மா, நான் மூவரும் வான் வண்டியில் போனோம். தலைக்கு மேலே விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு வந்தபடியே இருந்தன. புகை அலாரம் அடித்துவிடக்கூடாது என்று அண்ணை ஏணியில் ஏறி அதற்குக் குளியல் தொப்பியொன்றை மாட்டினார். மின்னடுப்பில் பால் பொங்கியது. ஆர்ச்வே முருகன் கோயிலில் அர்ச்சனை செய்து வாங்கிய திருநீற்றை அம்மா எல்லாருக்கும் பூசிவிட்டார்.

"நல்ல நேரம் போகப்போகுது. வா பிள்ளை, வாங்கு."

முதல் வியாபாரமாக உப்பும் மஞ்சளும் நான் வாங்கவேண்டும். இரண்டையும் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு கல்லாவை நோக்கி வந்தபோது கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் அண்ணி நின்றார். ஃபாரஸ்ட் கேட் கடையைத் திறந்து அங்கே வேலைசெய்யும் பெண்ணிடம் விட்டுவிட்டு ரயிலில் வந்திருக்கிறார். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் அங்கே நிற்கிறார். நல்ல சேலை. அதற்கு மேல் தடித்த கோட். பஸ் ஒன்று வந்து நின்று, ஏறமாட்டீர்களா என்று கேட்பதுபோலக் கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது. அண்ணி மறுபடி தெரிந்தார். அவர் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அண்ணை கல்லாவில் இருந்தார், அம்மா பக்கத்தில் நின்றார், கதவு பத்தடியில் இருந்தது. "அண்ணை, பொறுங்கோ," என்ற இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல்லும் என் வாயில் தயாராக இருந்தன. அவற்றுக்குப் பிறகு அம்மாவின் முகம் எப்படி மாறும் என்று பார்த்தேன். உப்பையும் மஞ்சளையும் மேசையில் வைத்தேன்.

ரசீது வரவில்லை. கல்லா மெஷினுக்கான கடதாசிச் சுருள்களை அண்ணை மறந்துவிட்டார். அவை அண்ணியின் பையில் இருந்தன.

அரை மணித்தியாலம் கழித்து அண்ணி உள்ளே வந்தார். சாமி படத்தைக் கும்பிட்டார், சுருளைப் பூட்டினார், மெஷினைச் சரிபார்த்தார். "எல்லாம் நல்லா நடந்ததோ மாமி?" என்று அம்மாவிடம் கேட்டார்.

பின்னால் நான் பால் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து பக்கத்தில் நின்று துடைக்கத் தொடங்கினார்.

"சனிக்கு சனி பின் அறைக் கமரா இருவது நிமிசம் நித்திரை கொள்ளுது, நிரோ. அதைப் பூட்டினது நீர். நிப்பாட்டத் தெரிஞ்சதும் உமக்கு மட்டும்தான்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நேற்றுச் சொல்லுவீர் எண்டு பாத்தன். பிறகு, சரி, நான் வெளியில நிக்கிறதைக் கண்டிட்டாவது சொல்லுவாள் எண்டு நினைச்சன். அதுதான் நேரத்துக்கு முதலே வெள்ளென வந்தனான்."

சட்டியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் முன்னால் போய்விட்டார்.

ஆறு பாக்கெட்

அந்த ஒரு கிழமையும் எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். ஏழு விதமாக எழுதினேன். ஏழிலும் நான் கொஞ்சம் நல்லவளாகத் தெரிந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஞாயிறு மத்தியானம் தராசை எடுத்துக்கொண்டு ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனேன்.

கல்லா மேசையில் தராசை வைத்தேன். பெட்டியிலிருந்து ஆறு பாக்கெட் எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். "இதில இல்லை. இதில இல்லை. இதில இருக்கு. மிச்சத்தில இல்லை," என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அவர்கள் முன்னால் கிழித்தேன். மூன்றாவதில் துணி அட்டை இருந்தது. மற்றவற்றில் இல்லை.

அம்மா கன்னத்தில் கை வைத்தார். "ஐயோ முருகா! பிரிக்காமலே சொல்லுறாள்!"

"அம்மா, தராசு சொல்லுது. நான் இல்லை. ஒவ்வொரு சனியும் நிறுத்து நிறுத்து எடுத்து வச்சனான். என்ர கையில ஒரு ராசியும் இல்லை."

"தராசைப் பிடிச்சதும் உன்ர கைதானே பிள்ளை," என்றார் அம்மா.

"அண்ணிக்காண்டிச் சொல்லுறாள்," என்று அண்ணையின் பக்கம் திரும்பினார். "அவளுக்கு இரக்ககுணம் கூட."

அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. ராசியைக் கொண்டுவந்து வைத்தது நான். ஆனால் எடுத்துக்கொண்டு போக என்னால் முடியாது. என் ஒப்புதலையும் அம்மா என் நல்ல குணங்களின் வரிசையில் சேர்த்துவிட்டார்.

அண்ணைக்குக் கணக்குத் தெரியும். பெட்டியைப் பார்த்தார். வலது மூலையைப் பார்த்தார். பிறகு முன்பக்கத்தை.

"அப்ப வதனிக்கு வராதது?"

"முன்னால நான்தான் வெறும் பக்கெற்றா அடுக்கினனான். அண்ணி முன்னால இருந்துதான் எடுப்பா எண்டு தெரிஞ்சு."

 அண்ணை அண்ணியைப் பார்த்தார். அண்ணி முட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"பின்ன ஏனப்பா சொல்லேல்லை? ஹவுன்ஸ்லோவுக்கு முதல் சொல்லியிருந்தா..."

"நான் சொன்னா எப்பிடி இருக்கும்?" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "ராசியில்லாதவள் பொறாமையில சொல்லுறாள் எண்டுதானே இருக்கும்."

அண்ணை கீழே பார்த்தார். நான் அதற்கு முன்பே கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எழுந்துபோய் அண்ணியின் கையைப் பிடித்தார். ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். "சரி பிள்ளை, சரி. வாற சித்திரைக்கு நீரே முதல்ல கைவியளம் தாரும். உம்மட கையும் ராசிதான்."

அண்ணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. "எனக்கு ராசி வேண்டாம் மாமி," என்றார். "அண்டைக்கு உள்ளுக்கு நிண்டிருந்தா அது போதும்."

 ஒரு கடைக்கு முதல் வியாபாரம் ஒருதரம்தான்.

மேசையில் கிடந்த அறுபது அட்டைகளையும் நான் பொறுக்கி அடுக்கினேன். யாரும் உதவிக்கு வரவில்லை. தராசை எடுத்துப் பைக்குள் வைக்கப்போனபோது அண்ணி திரும்பினார்.

"அதை விடும். உதிலயே இருக்கட்டும்."

தராசு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரியும்படி. நான் இப்போதும் சனி ஞாயிறுகளில் கடையில் நிற்கிறேன். சாமான் வாங்க வருகிறவர்களில் யாராவது அதைக் காட்டி, இது என்னத்துக்கு என்று கேட்பதுண்டு. அண்ணி தலையை என் பக்கம் அசைப்பார்.

"அது நிரோவின்ர. அவவைக் கேளுங்கோ."

முதலில் கேட்டவர் லூயிஸ். சொன்னேன். பல மாதத்துத் துணி அட்டைகள் எல்லாவற்றையும் அவரிடமே கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், நன்றி சொல்லவில்லை. அது சரிதான்.

நேற்றும் ஒரு வயதான அம்மா பால் வாங்க வந்து கேட்டார். சொன்னேன். கமராவை நிறுத்தியது, மூலையில் ஒளித்தது, பஸ் தரிப்பு, எல்லாம். நான் சொல்லி முடிக்கும்வரை அண்ணி அவருக்கு மிச்சக் காசைக் கொடுக்கவில்லை.